தறி சொல்லிவிட்டு வந்தவள்

என் குரலைப் பற்றிய முதல் புகார் நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே வந்துவிட்டது. ஒரு பெரியவர் கவுன்ட்டரில் என்னிடம் விமான நிலையத்துக்கு எந்தப் பிளாட்பாரம் என்று கேட்டார். நான் சொன்னேன். அவ்வளவுதான். அவர் நேராக எங்கள் மேற்பார்வையாளர் மேடத்திடம் போய், “அந்தப் பொண்ணு என்னைத் திட்டுதும்மா” என்று சொல்லிவிட்டார். மேடம் கூப்பிட்டு விசாரித்தார். “நான் திட்டலைங்க மேடம், வழி சொன்னேன்” என்றேன். அதைச் சொன்ன சத்தத்தில் வெளியே நின்றிருந்த செக்யூரிட்டி அண்ணன் என்னவோ ஏதோ என்று கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “சரி, விஷயம் புரிஞ்சிடுச்சு. நீ போ” என்றார்.

நான் நகரிக்காரி. ஆந்திர எல்லைக்குள் தமிழும் தெலுங்கும் கலந்து பேசுகிற ஊர். விசைத்தறி வீட்டில் பிறந்தவள். எங்கள் தெருவில் கரண்ட் போனால்தான் காக்கை கத்துவது கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவர்களுக்கு இரண்டே விதமான பேச்சுதான் தெரியும். ஒன்று, தொண்டை கிழியக் கத்துவது. இன்னொன்று, சத்தமே இல்லாமல் உதட்டையும் கையையும் மட்டும் அசைத்துப் பேசுவது. தறி ஓடிக்கொண்டிருக்கும்போது அறையின் இந்த மூலையில் இருந்து அந்த மூலைக்குக் கத்தினாலும் போய்ச் சேராது. உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வோம். என்ன குழம்பு, யார் வந்தது, யார் யாரோடு ஓடிப்போனது, எல்லாம் அப்படியே பேசி முடித்துவிடுவோம். இரண்டுக்கும் நடுவில் மெதுவாகப் பேசுவது என்று ஒன்று இருக்கிறது என்பது சென்னைக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அது இன்றுவரை எனக்குச் சரியாக வரவில்லை.

நான் வேலை பார்ப்பது பூமிக்கு அடியில் இருக்கும் ஒரு மெட்ரோ ஸ்டேஷனில். மேலே தோளோடு தோள் இடிக்கும் கடைத்தெரு. துணிக்கடைக்காரர்கள் வாசலில் நின்று கூப்பிடுவார்கள், பழவண்டிக்காரர்கள் மைக் வைத்துக் கூவுவார்கள், பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் ஓயாத சண்டை. படியிறங்கினால் முதலில் டிக்கெட் தரும் தளம். அதற்கும் கீழே பிளாட்பாரம். பிளாட்பாரத்தின் ஓரம் முழுவதும் தரையிலிருந்து கூரைவரை கண்ணாடிச் சுவர். வண்டி வந்து நின்றதும் வண்டியின் கதவும் கண்ணாடிச் சுவரின் கதவும் ஒன்றாகத் திறக்கும், ஒன்றாக மூடும்.

ஊரில் இதை விவரித்தபோது அம்மா கேட்டது ஒரே கேள்விதான். “மூச்சு வுட முடியுமாடீ?”

முடியும். சொல்லப்போனால் அங்கேதான் நான் முதல்முறையாக நிம்மதியாக மூச்சுவிட்டேன். முதல் நாள் மதியம் ஒரு வண்டி போய் அடுத்த வண்டி வருவதற்கு நடுவில் பிளாட்பாரம் காலியாக இருந்தது. நான் அந்தக் கோடிக்கு நடந்தேன். டொக் டொக் என்று பின்னாலேயே ஒரு சத்தம் வந்தது. நின்றேன், அதுவும் நின்றது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கம்பெனி கொடுத்த என் ஷூவின் சத்தம்தான் அது. நான் நடக்கும் சத்தத்தை அதுவரை நான் கேட்டதே இல்லை. எனக்கு அழுகை வருகிற மாதிரி இருந்தது. இந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். நான் ஒன்றை முடிவு செய்தால் செய்ததுதான். யார் வந்து சொன்னாலும் மாற்ற மாட்டேன். இந்தக் குணம் எனக்கு எங்கிருந்து வந்தது என்பதை என் அப்பாவை, எங்கள் பேச்சில் நைனாவை, பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டில் நான்கு தறி. உள்சுவர் ஓரமாக இருக்கும் இரண்டும் நைனாவுடையவை. வாசல் பக்கத்து இரண்டும் என்னுடையவை. என்னுடையவை என்றால் எழுதிக் கொடுத்தது இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசிவிட்டு அந்த இரண்டையும் நான்தான் ஓட்டுவேன். டிகிரி முடித்துவிட்டு வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருந்த நாட்களில் முழு நேரமும் அதுதான். என் தறியில் நூல் அறுவது குறைவு என்று நைனாவே ஒப்புக்கொள்வார், நான் பக்கத்தில் இல்லாத நேரத்தில்.

தறி ஓட்டும் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. ஓடும் தறியை அப்படியே விட்டுவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது. நூல் அறுந்ததைக் கவனிக்காவிட்டால் துணி பாழ். நூலோடு குறுக்கே பாயும் நாடாக்கட்டை தடம் மாறித் தெறித்தால் எதிரில் இருப்பவர் மண்டை உடையும். அதனால் தண்ணீர் குடிக்கப் போனாலும் பக்கத்தில் இருப்பவரிடம் தறியை ஒப்படைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சத்தத்தில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அதற்கென்று ஒரு சைகை இருக்கிறது. இரண்டு விரலைத் தறியின் பக்கம் நீட்ட வேண்டும், அதே விரல்களை எதிரில் இருப்பவர் பக்கம் திருப்ப வேண்டும், கடைசியில் உள்ளங்கையை நம் நெஞ்சில் வைக்க வேண்டும். ‘இதை நீ பார்த்துக்கொள், நான் வந்துவிடுவேன்’ என்று அர்த்தம். எதிரில் இருப்பவர் தலையாட்ட வேண்டும். அவர் தலையாட்டும்வரை நாம் நகரக் கூடாது. இதைத் தறி சொல்வது என்போம். தறி சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரும்வரை, தலையாட்டியவர் அந்தத் தறியை வேறு யார் கையிலும் கொடுக்க மாட்டார்.

இனி திரும்பி வரப்போவதே இல்லை என்றால் அதற்கு வேறு சைகை. இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துக் காட்டி, அப்படியே கவிழ்க்க வேண்டும். அது தறி விடுவது. கல்யாணமாகி வெளியூர் போகிறவர்கள் செய்வார்கள், முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறவர்கள் செய்வார்கள். விளையாட்டுக்குக்கூடச் செய்யக் கூடாது. சின்ன வயதில் சும்மா செய்து காட்டி அம்மாவிடம் முதுகில் ஒன்று வாங்கியிருக்கிறேன்.

சென்னைக்குக் கிளம்பிய காலையில் என் தறிகள் இரண்டும் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்டோ வாசலில் வந்து ஹாரன் அடித்தது எங்கள் யாருக்கும் கேட்கவில்லை. ஓட்டுகிறவர் உள்ளே வந்து என் முகத்துக்கு நேராகக் கையை ஆட்டினார். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, நைனா பக்கம் திரும்பி, பழக்க தோஷத்தில் இரண்டு விரலை நீட்டி, அவர் பக்கம் திருப்பி, நெஞ்சில் கை வைத்தேன். அவர் தலையாட்டினார். நான் போய் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன். கடைக்குப் போகும்போதும், பள்ளிக்கூடத்துக்கு ஓடும்போதும், புத்தூர் காலேஜுக்கு பஸ் பிடிக்கும்போதும் நூறு தடவை செய்ததுதான். கை தானாகச் செய்தது. அதற்கு மேல் நான் அதைப் பற்றி நினைக்கவே இல்லை.

ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஒரு பெண்கள் ஹாஸ்டலில் தங்கினேன். லீவு சேர்ந்தால் திருப்பதி வண்டியில் ஏறி ஏகாம்பரகுப்பத்தில் இறங்கி வீட்டுக்குப் போவேன். போனதும் சும்மா உட்கார முடியாது. என் தறிகளை நானே ஓட்டுவேன். திரும்பிக் கிளம்பும்போது மறுபடியும் அதே இரண்டு விரல், அதே நெஞ்சு, நைனாவின் அதே தலையாட்டல். எனக்கு அது ‘போய் வருகிறேன்’ என்று சொல்கிற மாதிரிதான் இருந்தது.

என் வேலை ஒப்பந்தம் முடிகிற சமயத்தில் மேடம் கூப்பிட்டார். “உன் பேரை கன்ட்ரோல் ரூம் பயிற்சிக்குக் குடுக்கப் போறேன். சேர்ந்துட்டா நடுவுல விட்டுட்டுப் போக முடியாது, வருஷக்கணக்குல இங்கதான் இருக்கணும். வீட்டுல கேட்டுட்டுச் சொல்லு” என்றார். நான் யாரையும் கேட்காமல் அங்கேயே “சரிங்க மேடம்!” என்றேன். செக்யூரிட்டி அண்ணன் இந்த முறை எட்டிப் பார்க்கவில்லை. பழகிவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா போன் செய்தாள். நான் நல்ல செய்தியைச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள்.

“உங்க நைனா நாலு தறியும் ஒண்டியா ஓட்டிக்கினு கீறாரு. முட்டி ரெண்டும் வீங்கிப் போச்சு. எதிர்வூட்டு அக்கா கீதே, அது வந்து ‘அந்த ரெண்டு தறிய நான் ஓட்றேன்’னு எத்தினியோ வாட்டி கேட்டுச்சு. குடுக்க மாட்டேன்றாரு.”

“ஏன்?”

“‘எம் பொண்ணு தறி சொல்லிட்டுப் போயிருக்கா. வந்துருவா. வர்ற வரைக்கும் நான்தான் பாத்துக்கணும்’ன்றாரு. யாரு சொன்னாலும் காதுல ஏறல. நீ வர்றியா இல்லியா, அத்த சொல்லு.”

நான் இல்லாத நாட்களில் அந்த இரண்டு தறிகளையும் யாராவது கூலிக்கு ஓட்டிக்கொண்டிருப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். லீவுக்குப் போகும்போதெல்லாம் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. யார் ஓட்டுகிறார்கள் என்று ஒருநாளாவது கேட்டேனா? கேட்கவில்லை. நைனா நொண்டி நடந்ததைப் பார்த்தும் வயசாகிறது என்று விட்டுவிட்டேன்.

“நான் வரலம்மா. இங்கதான் இருக்கப் போறேன். அவர் கிட்ட சொல்லு” என்றேன்.

நைனாவுக்குக் காது பாதிதான் கேட்கும், போனில் அதுவும் கேட்காது. அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டே அவரிடம் உதட்டால் சொல்வதை என்னால் இங்கிருந்தே பார்க்க முடிந்தது. தறிகளின் சத்தம் மட்டும் போனில் வந்துகொண்டிருந்தது. பிறகு அம்மா சொன்னாள்: “நாளன்னிக்குக் காலைல வண்டிக்கு அங்க வர்றாராம். உன்னக் கூட்டிக்கினு வந்துருவேன்றாரு.”

அந்தக் காலையில் சென்ட்ரலில் போய் நின்றேன். நைனா வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கல்யாணத்துக்குப் போடும் சட்டை, கையில் கூடை. ஆளைப் பார்த்ததும் என் தீர்மானம் கொஞ்சம் ஆடியது என்பது உண்மை. மெட்ரோவுக்கு இறங்கும் மேல்படியில் நின்றுகொண்டு, தானாக இறங்கும் எஸ்கலேட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதில் ஏறாமல் பக்கத்துப் படியில் ஒவ்வொரு காலாக ஊன்றி இறங்க ஆரம்பித்தார். முட்டி வலி முகத்தில் தெரிந்தது. “அதுல நின்னா போதும் நைனா” என்றேன். “நின்னுக்கினே எறங்குற அளவுக்கு எனக்கு இன்னும் வயசாவல” என்றார்.

மெட்ரோ வண்டியில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். எங்கள் ஸ்டேஷனில் இறங்கியதும் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

“மழ பேஞ்சா தண்ணி எங்க போவும்?”

“பம்ப் கீது நைனா.”

“கரண்ட் போச்சுன்னா?”

“ஜெனரேட்டர்.”

“அதுவும் நின்னு போச்சுன்னா?”

“அப்ப நாமளும் போவ வேண்டியதுதான்.”

அவர் சிரிக்கவில்லை. பிளாட்பாரத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து கூடையைத் திறந்தார். அம்மா புளிச்சோறு கட்டிக் கொடுத்திருந்தாள். இங்கே சாப்பிடக் கூடாது என்றேன். “துன்ன வுடாத எடத்துல ஒனக்கு இன்னா வேல?” என்று கேட்டு மூடியைப் போட்டு அழுத்தி மூடினார். பிறகு ஊர்க் குரலில், “சரி, போதும். பதா, கெளம்பு!” என்றார். பிளாட்பாரம் மொத்தமும் திரும்பிப் பார்த்தது.

நான் சட்டென்று தறி வீட்டுப் பேச்சுக்கு மாறினேன். உதட்டை மட்டும் அசைத்து, ‘கத்தாத நைனா, நான் வரல’ என்றேன். அவரும் அப்படியே மாறினார். சண்டையை அப்படித்தான் போட்டோம், பெஞ்சின் இந்தக் கோடியிலும் அந்தக் கோடியிலும் எதிரெதிராகத் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒரு சத்தமும் இல்லாமல்.

‘நீ தறி சொன்ன. நான் தலையாட்டினேன்.’

‘பழக்கத்துல செஞ்சது நைனா அது.’

‘பழக்கத்துல செஞ்சா அது பொய்யா?’

என் கை காற்றில் எதையோ ஆட்டிக்கொண்டிருந்தது. எங்களைக் கொஞ்ச நேரமாகக் கவனித்துக்கொண்டிருந்த ஒரு காலேஜ் பெண் பக்கத்தில் வந்து குனிந்து, வாயை அகலமாகத் திறந்து, கையால் சாப்பிடுவது போலவும் நடப்பது போலவும் காட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று சைகையில் கேட்டாள். நல்ல பெண். நைனா அவளைப் பார்த்து, “ஒண்ணியும் இல்லம்மா, குடும்ப விஷயம்!” என்றார் முழுக் குரலில். அவள் துள்ளி விழுந்து அடுத்த வண்டியில் ஏறி ஓடிவிட்டாள். வேறொரு நாளாக இருந்தால் நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரித்திருப்போம்.

அவர் மறுபடி உதட்டுக்கு வந்தார். ‘வரலன்னா வரல. அப்ப என் எதிர்ல வுடு. கைய விரிச்சுக் கவுத்து வுடு. நாளைக்கே அந்த ரெண்டையும் அடுத்தவங்க கையில குடுக்கறேன். நீ வுடாம நான் குடுக்க மாட்டேன்.’

நியாயமான பேச்சுதான். இரண்டு கையையும் விரித்துக் கவிழ்க்க எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் என் கை மடியை விட்டு எழவில்லை. எனக்கே ஆச்சரியமாக இருந்தது. யார் வந்தாலும் மாறமாட்டேன் என்று மார்தட்டிக்கொண்டிருந்தவள் நான். அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு இந்த ஸ்டேஷன் வேண்டும். அதே சமயம் வாசல் பக்கத்து இரண்டு தறிகளும் எனக்காகக் காத்துக்கொண்டிருக்கவும் வேண்டும். நாளைக்கே இங்கே என்னை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போய் உட்கார ஒரு இடம் அப்படியே இருக்க வேண்டும். அந்த இடத்தை எனக்காகப் பிடித்து வைத்திருந்தது நைனாவின் வீங்கிய முட்டி.

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘முடியல இல்ல? அப்ப கெளம்பு.’

“எனக்கு டியூட்டி இருக்கு” என்று வாய்விட்டுச் சொன்னேன். “உன் வண்டி சாயங்காலம்தான். இங்கியே உக்காரு.” கூடையை அவர் பக்கத்தில் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். மரியாதை இல்லாத பேச்சுதான். ஆனால் இன்னும் ஒரு நிமிஷம் உட்கார்ந்திருந்தால் பையைத் தூக்கிக்கொண்டு அவர் பின்னால் போயிருப்பேன்.

அன்று எனக்குப் பிளாட்பாரத்திலேயே வேலை. கதவு மூடும்போது யாரும் பாயாமல் பார்த்துக்கொள்வது, வழி தெரியாதவர்களுக்குச் சொல்வது, மஞ்சள் கோட்டைத் தாண்டி நிற்பவர்களைப் பின்னால் போகச் சொல்வது. இந்தக் கடைசி வேலைக்கு மட்டும் என் குரலைப் பற்றி யாரும் புகார் சொன்னதில்லை. நைனா பெஞ்சில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் பார்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிற்பகலில் திருப்பதிக்கு அருகே ஏர்பேடு பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஆஸ்பத்திரிக்குப் போக வந்தார்கள். எங்கள் பக்கத்துத் தெலுங்கு காதில் விழுந்ததுமே ஊர் தெரிந்துவிட்டது. வண்டி வந்து நின்றது. அந்த அம்மா ஏறிவிட்டாள். பின்னால் வந்த அவள் புருஷன் கீழே வைத்த பையை எடுக்கத் திரும்பினார். கதவு மூடிக்கொண்டது. அவ்வளவுதான், அவர் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைய ஆரம்பித்துவிட்டார். உள்ளே அந்த அம்மாவின் முகம் வெளுத்துப்போனது. வண்டி கிளம்பச் சில நொடிகள்தான். நடுவில் இரண்டு கண்ணாடி, கத்தினால் கேட்காது.

நான் ஓடிப்போய் அவள் முகத்துக்கு நேராக நின்று, ஒரு விரலைக் காட்டி, உதட்டை நிறுத்தி நிதானமாக அசைத்தேன். ‘தர்வாத்த ஸ்டேஷன்லோ திகண்டி. அக்கடே நிலபடண்டி.’ அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில்லுங்கள் என்று. கையால் இறங்குவதையும் காட்டினேன், நிற்பதையும் காட்டினேன். அவள் புருஷனைத் தொட்டு, ‘இவரை அனுப்புகிறேன்’ என்று காட்டினேன். அந்த அம்மா தலையாட்டினாள். வண்டி போனது. நான் வாக்கிடாக்கியில் அடுத்த ஸ்டேஷனுக்குச் சொல்லிவிட்டு, புருஷனை அடுத்த வண்டியில் ஏற்றி அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் இருவரும் சேர்ந்துவிட்டார்கள் என்று தகவல் வந்தது. எங்கள் வேலையில் இது பெரிய விஷயமே இல்லை, வாரத்துக்கு ஒன்று நடக்கும்.

திரும்பினால் நைனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுவார் என்று நினைத்தீர்களானால் உங்களுக்கு அவரைத் தெரியாது. ‘உதடு வேகமா போச்சு’ என்றார் பெஞ்சிலிருந்தே. ‘தெலுங்கு பேசறப்போ இன்னும் கொஞ்சம் நிறுத்தணும்.’

‘அந்தம்மாவுக்குப் புரிஞ்சுது இல்ல?’

‘புரிஞ்சுது’ என்றார். கூடையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, ‘அந்த அம்மா நீ சொல்ற வரைக்கும் அழுதுக்கினு இருந்துச்சு. அப்பறம் நிறுத்திடுச்சு’ என்றார்.

அவர் கிளம்பும் நேரத்தில் ஆபீஸ் கூட்டம் கூட ஆரம்பித்திருந்தது. புளிச்சோற்றை என் கையில் கொடுத்தார். “மேல போயி துன்னு.” சென்ட்ரலில் எந்தப் பக்கம் வெளியே வர வேண்டும் என்று நான் சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொன்னேன். “நான் திருப்பதிக்கும் சித்தூருக்கும் தனியா போய் வர்றவன்” என்றார். வண்டி வந்தது. கூட்டத்தோடு ஏறி, கதவுக்கு அருகில் கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பி நின்றார். “உங்கம்மா கேட்டா இன்னா சொல்லட்டும்?” என்றார், உள்ளே இருந்த எல்லோரும் காதைப் பொத்திக்கொள்கிற மாதிரி.

நான் வாயைத் திறப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

இரண்டு கண்ணாடிகளுக்கு அந்தப் பக்கம் அவர் நின்றார். கம்பியைப் பிடித்திருந்த கையில் நரம்பு புடைத்திருந்தது. ஒரு காலைத் தரையில் ஊன்றாமல் லேசாகத் தூக்கி வைத்திருந்தார். அந்தக் காலைப் பார்த்தேன். நான் இங்கே இருப்பது என்று ஆன பிறகு அங்கேயும் ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. சோற்றுப் பாத்திரத்தைக் கீழே வைத்தேன். இரண்டு கைகளையும் தூக்கி, உள்ளங்கைகளை விரித்து அவருக்குக் காட்டி, கவிழ்த்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக, விளையாட்டுக்கு இல்லாமல். நெஞ்சுக்குள் ஒரு இழை அறுந்த மாதிரி சுரீர் என்றது.

அவர் தலையாட்டினார். ஒரே ஒரு முறை.

பிறகு கம்பியை விட்டுவிட்டு, இரண்டு விரலை நீட்டினார். நான் நின்றிருந்த தரையை, கண்ணாடிச் சுவரை, பின்னால் நின்ற கூட்டத்தைச் சேர்த்து ஒரு வட்டம் போட்டுக் காட்டினார். அதே விரல்களை என் பக்கம் திருப்பினார். உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்தார்.

வண்டி நகர்ந்தது. நான் தலையாட்டினேன். கோழி கொத்துகிற மாதிரி விடாமல் ஆட்டினேன், கடைசிப் பெட்டி இருட்டுக்குள் போன பிறகும். பக்கத்தில் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மஞ்சள் கோட்டுக்குப் பின்னால நில்லுங்க!” என்றேன். எல்லோரும் பின்னால் போனார்கள்.

என் ஷிப்ட் முடிந்து டிக்கெட் தளத்துக்கு ஏறி வந்தபோது அம்மாவின் போன் வந்தது. நைனா வீடு வந்து சேர்ந்துவிட்டார். எதிர்வீட்டு அக்கா நாளைக் காலையிலிருந்து அந்த இரண்டு தறிகளையும் ஓட்ட வருகிறாள். நைனாவே நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாராம். “இன்னாடி நடந்துச்சு அங்க?” என்று கேட்டாள்.

“இரு, உங்க நைனா ஒண்ணு கேக்கச் சொல்றாரு” என்றாள். பின்னால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. “வண்டி நவுந்துடுச்சாம், அவருக்குச் சரியா தெரியலியாம். நீ தலையாட்டினியா இல்லியான்னு கேக்கறாரு.”

“ஆட்டினேன்னு சொல்லும்மா!” என்றேன்.

கவுன்ட்டர் வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பினார்கள். மேடம் அறைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

“நான் சொல்ல வேணாம்” என்றாள் அம்மா. “அவருக்கே கேட்டுடுச்சு.”